பின்னால் ‘கடக் கடக்’... சத்தம் போடுவது எது?

ஜலகண்டாபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் பழைய ஆம்னி நிற்கிறது. வாரம் முழுக்க நூல் மூட்டையும் சேலைக் கட்டும் சுமக்கிற வண்டி, விடுமுறை நாளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேட்டூர் அணைக்குக் கிளம்பும். கொஞ்ச நாளாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம்.

“வண்டிக்கு வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்கிறார் அப்பா. கல்லூரியில் படிக்கும் மகள் விடுவதாக இல்லை. “போன வாரம் தாரமங்கலம் போறப்ப பின்பக்கம் ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருந்துச்சுப்பா. ஒரு தடவை பாத்துருங்க.”

அவள் சொன்னது சரி. அந்தச் சத்தம் வயதின் சத்தம் அல்ல. தேய்ந்துபோன புஷ்ஷின் சத்தம்.

புஷ் என்ன வேலை செய்கிறது?

மாருதியின் இந்த வேன் 1984-ல் வந்தது. 2019-ல் தயாரிப்பு நின்றுபோனது. ஆனாலும் நெசவு ஊர்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. இதன் பின் ஆக்ஸிலைத் தாங்குவது, லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். அம்பாசடர் காரிலும் பின்பக்கம் இதே ஏற்பாடுதான்.

பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன் வளையம் வண்டியின் சட்டத்தோடு போல்ட் மூலம் இணைகிறது. பின் வளையம் ‘ஷேக்கிள்’ என்ற ஆடும் இணைப்பில் தொங்குகிறது. பாரம் ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள் ஆடுகிறது. இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க, வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ்.

வெயில், சேறு, பாரம் எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுகவைத்து வெடிக்கவைக்கின்றன. ரப்பர் போனால் போல்ட் வளையத்துக்குள் ஆடும். முதலில் வருவது சத்தம். பிறகு ஆக்ஸிலே இருக்க வேண்டிய இடத்தைவிட்டுக் கொஞ்சம் நகரும். டயர் ஒருபக்கமாகத் தேயும். வளைவில் பின்பக்கம் தனியாக அலைவது போலத் தோன்றும். கவனிக்காமல் விட்டால் போல்ட்டும் வளையமும் தேய்ந்து, சின்ன ரப்பரோடு முடிய வேண்டிய செலவு பட்டை வரைக்கும் போய்விடும்.

முதலில் சோதனை

சத்தம் வந்த உடனே புஷ் வாங்க ஓட வேண்டாம். ஸ்டெப்னி ஆடுகிறதா, சைலன்சர் எங்காவது இடிக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, அதன் முனை ரப்பர் போய்விட்டதா என்று பாருங்கள். பிறகு பட்டையின் இரு முனைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தாலோ, போல்ட் வளையத்தின் நடுவில் இல்லாமல் கீழே உட்கார்ந்திருந்தாலோ புஷ் போய்விட்டது.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். இரு அளவுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் ஆக்ஸில் நகர்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது புஷ் மட்டும் மாற்றினால் போதாது. மெக்கானிக்கிடம் காட்டுவதே சரி.

ஜாக்கியை நம்பாதீர்கள்

அப்பா ஜாக்கி போட்டு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டார். அடியில் நுழையக் குனிகிறார்.

“அப்பா, உள்ள போகாதீங்க. ஜாக்கி மட்டுந்தான் நிக்குது.”

“அஞ்சு நிமிசம் கண்ணு. கியர் போட்டிருக்கு, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கு.”

“ரெண்டுமே பின் சக்கரத்தைத்தானேப்பா பிடிக்கும்? அது ரெண்டும் இப்ப அந்தரத்துல இருக்கு.”

பலரும் கவனிக்காத விஷயம் இது. ஆம்னி பின் சக்கரத்தால் ஓடும் வண்டி. கியரில் போட்டாலும் ஹேண்ட் பிரேக் இழுத்தாலும் பிடிப்பு பின் சக்கரங்களுக்குத்தான். அவற்றைத் தரையைவிட்டுத் தூக்கிய பிறகு வண்டி உருளாமல் தடுக்க, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்துங்கள். கையேட்டில் சொல்லியிருக்கும் இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சட்டத்தின் உறுதியான பகுதியில் இருபுறமும் ஜாக்கி ஸ்டாண்டு வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம்; அவை எச்சரிக்காமல் நொறுங்கும். வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் வெளியே நின்று கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டும் அடியில் போகலாம். அப்போதும் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தைகள் தள்ளி நிற்கட்டும்.

ஜாக்கி தூக்குவதற்கு. ஸ்டாண்டுதான் தாங்குவதற்கு. ஸ்டாண்டு இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மாற்றும் விதம்

முந்தின நாள் இரவே துரு பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். ரப்பரில் பட்டால் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். மேலே பார்த்து வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்ஸில் இடம் மாறும். இன்னொரு ஜாக்கியை ஆக்ஸிலின் கீழே வைத்து, போல்ட்டின் மேல் பாரம் விழாத உயரத்துக்கு மெல்ல ஏற்றி இறக்குங்கள். அந்த உயரம் கிடைத்தால் போல்ட் இலகுவாக வரும். கிடைக்காமல் சுத்தியலால் அடித்து எடுத்தால் பட்டை துள்ளும். முகமும் விரலும் பட்டைக்கு நேராக இருக்கவே கூடாது.

ஷேக்கிளைக் கழற்றி, பழைய ரப்பரை நெம்பி எடுத்து, வளையத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். போல்ட் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இரண்டு பாதியாக வரும் புஷ் கையாலேயே உள்ளே போகும். வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

புது புஷ் இரும்புக் குழாயோடு அழுத்திப் பொருத்தும் வகையாக இருந்தால் வீட்டில் சுத்தியலை எடுக்காதீர்கள். பட்டையைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்னால் ஒரே பீமாக இருக்கும். அதன் புஷ்ஷை மாற்ற பிரேக் பைப்பைக் கவனிக்க வேண்டும், தனிக் கருவி வேண்டும், புஷ்ஷின் திசையும் பார்க்க வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடுங்கள்.

கடைசி முறுக்கு எப்போது?

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். புது புஷ் போட்டதும், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை முழுக்க முறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் பட்டை தன் நிலைக்கு வரும். பிடித்துவைத்த ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சும்மா நிற்கும்போதுகூட அந்த ரப்பர் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சீக்கிரமே கிழிந்து, பழைய சத்தம் திரும்பி வரும்.

சரியான முறை எளிது. நட்டை முதலில் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் போடுங்கள். சக்கரத்தை மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் தரையில் இறக்குங்கள். உள்ளே சுமை எதுவும் வேண்டாம். பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிடுங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சக்கர நட்டுகளையும் அப்படியே. சில நாள் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை சரிபாருங்கள்.

மாலையில் அப்பா எடப்பாடி ரோட்டில் ஒரு சுற்று போய்வருகிறார். வேகத்தடையில் ஆம்னி சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறது.

“என்னப்பா, சத்தம் போச்சா?”

“போச்சு கண்ணு. நாளைக்குச் சேலத்துல ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு வாங்கணும். இன்னைக்கு மெக்கானிக்கிட்ட இரவல் வாங்கினதைக் கழுவிக் குடுத்துரு.”