குறிப்பாணைக்கு முன் ஒரு கேள்வி

பல ஆண்டுகளாகப் பத்து மணிக்கு முன்பே இருக்கைக்கு வந்துவிடும் எழுத்தர் ஒருவர், சில வாரங்களாகத் தாமதமாக வருகிறார். கோப்புகள் தேங்குகின்றன. நண்பர்களோடு அமர்ந்து உண்டவர், மதிய வேளையில் தம் இருக்கையை விட்டு எழுவதில்லை. மாலையில் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே வீடு திரும்புகிறது. கேட்டால், “ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி” என்கிறார். அடுத்து அவர் மேசைக்கு வருவது, தொடர் தாமதத்திற்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை. நம் அலுவலகங்கள் எவற்றிலும் காணக்கூடிய காட்சிதான் இது.

மனச்சோர்வின் அடையாளங்களைக் குடும்பத்தினருக்கு முன்பே உடன் பணியாற்றுவோர் கண்டுவிடுவதுண்டு. பகற்பொழுதெல்லாம் அருகில் இருப்பவர்கள் அவர்களே. ஆயினும் பணியிடம் அந்த அடையாளங்களை ஒழுங்கீனம் என்றே எழுதிவைக்கிறது. காய்ச்சலோடு வந்தவரை வீட்டுக்குப் போகச் சொல்லும் அதே மேலதிகாரி, உறக்கமின்றிச் சிவந்த கண்களோடு வந்தவரிடம் விளக்கம் கேட்கிறார்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. பணிக்காலத்தில் குறைபாடு நேர்ந்தது என்பதற்காக அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யலாகாது என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மனநோயும் அதன் அட்டவணையில் உள்ளது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த மத்திய ரிசர்வ் காவல் படை அலுவலர் ஒருவரின் வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. மனநலக் குறைபாடு உடையவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவது மறைமுகப் பாகுபாட்டின் ஒரு கூறு என்பது அத்தீர்ப்பு. இத்தீர்ப்பைப் படித்த துறைத் தலைவர்கள் எத்தனை பேர்?

சட்டம் காப்பதாயினும் ஊழியர் வாய் திறப்பதில்லை. மனநல மருத்துவரின் முத்திரையிட்ட சான்றை விடுப்பு விண்ணப்பத்தோடு இணைக்க அஞ்சி, முதுகுவலி என்று எழுதுவோர் உண்டு. பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அந்தச் சான்று யார் கையில் இருக்கும் என்ற அச்சம் அவர்களுக்கு. மனநலப் பாதிப்புடையோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருப்பதைத் தேசிய மனநல ஆய்வு (2015–16) கண்டறிந்தது. மருத்துவர் பற்றாக்குறையோடு இந்த அச்சமும் அதற்குக் காரணம் என்றே கருதுகிறோம்.

ஆகவே முதற்கடமை பக்கத்து இருக்கைக்காரருக்கு வருகிறது. அவர் மருத்துவராக வேண்டியதில்லை. பலர் முன்னிலையில் விசாரிக்காமல், தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று, “சில நாளாக நீங்கள் நீங்களாக இல்லை, என்ன நேர்ந்தது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தால் போதும். நம்மவர்க்குக் கடினமானது அந்தக் காத்திருப்புத்தான். மற்றவர் இரண்டு சொல் பேசுமுன்னே, “இதெல்லாம் ஒரு கவலையா?”, “ஒரு முறை கோயிலுக்குப் போய் வாருங்கள்” என்று மொழிந்துவிடுகிறோம். அன்போடு சொல்லப்படும் அச்சொற்களே அவர் வாயை அடைத்துவிடும்.

“உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்பதற்கும் தயங்கலாகாது. கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படும் என்பது தவறான நம்பிக்கை. கேட்டவரிடம் பாரத்தை இறக்கிவைத்தவர் பலர். ஆம் என்று விடை வந்தால் அவரைத் தனியே விடக்கூடாது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் வேண்டினாலும், குடும்பத்தினருக்கு அறிவித்து மருத்துவமனைக்கு உடன் செல்வதே நட்பு. பிற வேளைகளில் கேட்டதை அலுவலகப் பேச்சாக்காமல் காப்பது அதனினும் பெரிய நட்பு. அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் தனிமனிதரின் பரிவை மட்டும் நம்பி ஒரு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அகவிலைப்படிக்கும் பதவி உயர்வுக்கும் போராடும் ஊழியர் சங்கங்கள் ஊழியரின் மனநலப் பாதுகாப்பை ஒரு கோரிக்கையாகவேனும் எழுப்பியிருக்க வேண்டும். நற்பெயரோடு பணியாற்றிய ஒருவரின் நடத்தை திடீரென மாறுமானால், குறிப்பாணை அனுப்புமுன் அவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். அவர் விரும்பினால் மருத்துவ ஆலோசனைக்கு விடுப்பு அளிக்க வேண்டும். மருத்துவச் சான்று கமுக்கமாகக் காக்கப்பட வேண்டும். இவற்றைக் கட்டாயமாக்கித் தமிழக அரசு காலந்தாழ்த்தாது அரசாணை வெளியிட வேண்டும். தனியார் நிறுவனங்களும் அதனைப் பின்பற்றுமாறு தொழிலாளர் துறை அறிவுறுத்த வேண்டும்.