பழி முதல் பக்கத்தில்! தீர்ப்பு ஒற்றைப் பத்தியில்!

2025 ஜூலை 17 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. 2020 மார்ச்சில் நிஜாமுத்தீன் மர்கஸுக்கு வந்த வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்தார்கள் என்று 70 இந்திய முஸ்லிம்கள் மீது போடப்பட்ட 16 வழக்குகளை அது ரத்து செய்தது. இவர்கள் நோயைப் பரப்பினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது.

சகோதரர்களே! இந்தத் தீர்ப்பை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் பக்கத்துக் கடைக்காரர் அறிவாரா? 2020 ஏப்ரலில் இரவு பகலாக இந்தச் செய்தியை ஊதிய தொலைக்காட்சிகளில் எத்தனை, தீர்ப்பு வந்த இரவில் அதைப் பற்றி விவாதம் நடத்தின?

பழி சொல்லும்போது கொட்டை எழுத்து. பழி பொய் என்று ஆகும்போது பொடி எழுத்து. இதுதான் இந்நாட்டில் பல செய்தி நிறுவனங்களின் நீதி!

நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். 2020 மார்ச் 13 வரை இது சுகாதார அவசர நிலை அல்ல என்றே மத்திய சுகாதாரத்துறை சொல்லி வந்தது. மார்ச் 23 வரை நாடாளுமன்றம் கூடியது. அதே மார்ச் 23 இரவு மத்தியப் பிரதேசத்தில் புதிய முதல்வர் பதவியேற்றார். மார்ச் 24 இரவு நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ரயிலும் பேருந்தும் நின்றன. இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே சிக்கினார்கள். கோயில்களிலும் விடுதிகளிலும் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் 'சிக்கித் தவிப்பு' என்று எழுதின. மர்கஸில் இருந்தவர்கள் மட்டும் 'பதுங்கி இருந்தார்கள்!' ஒரே நிலைமைக்கு இரண்டு சொற்கள்! கூட்டத்தை முன்பே கலைத்திருக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்டிருந்தால் அது பத்திரிகை தர்மம். ஒரு சமுதாயத்திடம் மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் வேறு.

'கொரோனா ஜிஹாத்' என்று ஒரு சொல்லையே உருவாக்கினார்கள். தாவூதி போரா சமூகத்தவர் உணவு வீணாகாமல் தட்டை வழித்து உண்ணும் பழைய வீடியோ, நோய் பரப்பும் சதியாகக் காட்டப்பட்டது. மும்பையில் விசாரணைக் கைதி ஒருவர் போலீஸ் வண்டியில் துப்பிய பிப்ரவரி மாத வீடியோ, நிஜாமுத்தீன் காட்சியாக உலா வந்தது. அருணாசலப் பிரதேசத்தில் 11 ஜமாஅத்தினருக்குத் தொற்று என்று ஒரு பெரிய இந்திச் சேனல் சொன்னது. அங்கே தொற்று ஒருவருக்குத்தான் என்று அரசு மறுத்த பிறகு வருத்தம் தெரிவித்தது. தமிழகத்திலும் அன்றாட சுகாதார அறிக்கையில் முதலில் 'டெல்லி மாநாடு' என்றார்கள். பிறகு 'ஒரே மூலம்' என்று மாற்றினார்கள். அதற்குள் சேதம் நடந்து முடிந்துவிட்டது.

மக்கள் ஏன் உடனே நம்பினார்கள்? அதற்கான வேலை அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1992-ல் வந்த 'ரோஜா' முதல் 2013-ல் வந்த 'விஸ்வரூபம்' வரை, திரையில் துப்பாக்கியோடு தொழுகையையும் தாடியையும் சேர்த்துக் காட்டிப் பழக்கினார்கள். முஸ்லிமோடு பழகாத ஒருவருக்கு முஸ்லிமைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தத் திரைதான். ஈரமான மண்ணில் விதை போட்டால் முளைக்காதா?

இதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? சேனல் முதலாளிகளா? இல்லை. தள்ளுவண்டியில் பழம் விற்றவர்கள்! பெயரைக் கேட்டு விரட்டப்பட்ட காய்கறி வியாபாரிகள்! உத்தரப்பிரதேச மாநிலம் தேவரியாவில், முஸ்லிம்களிடம் காய்கறி வாங்காதீர்கள் என்று பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே பகிரங்கமாகச் சொன்னார். சென்னையில் ஒரு பேக்கரி, தன்னிடம் முஸ்லிம் ஊழியர் இல்லை என்று விளம்பரம் செய்யும் அளவுக்கு நிலைமை போனது. ஒரு பொய்ச் செய்தி ஏழையின் அடுப்பை அணைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது நீதிமன்றங்கள் சொன்னதைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. இவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும், பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பெரும் பிரச்சாரம் நடத்தின என்றும் சொன்னது. 2020 டிசம்பர் 15 அன்று டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டவரை விடுதலை செய்தது. ஜமியத் உலமா தொடுத்த வழக்கில், 2020 அக்டோபரில் அன்றைய தலைமை நீதிபதி பாப்டே, அண்மைக் காலத்தில் மிக மோசமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது பேச்சுரிமைதான் என்று வேதனைப்பட்டார்.

இத்தனையும் நமக்குச் சாதகமான ஆவணங்கள். ஆனால் அவை நீதிமன்றப் பதிவறையில் தூங்குகின்றன. பொய் மட்டும் தெருவில் நடமாடுகிறது. ஏன்? பொய்யைச் சுமக்க ஆள் இருக்கிறது. உண்மையைச் சுமக்க ஆள் இல்லை!

இளைஞர்களே! ஆத்திரம் வந்தால் ஒரு நாள் முழக்கம், மறுநாள் மறதி. இது எதிரிக்கு லாபமே தவிர நமக்கு லாபம் இல்லை. வழிகள் இருக்கின்றன. தொலைக்காட்சி அவதூறு செய்தால், ஒளிபரப்பான 7 நாட்களுக்குள் அந்தச் சேனலுக்கே எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் செய்தி ஒளிபரப்பாளர்களின் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சங்கத்தில் உறுப்பினராக உள்ள சேனல்களை அது கட்டுப்படுத்தும். பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள், பிறகு பிரஸ் கவுன்சிலுக்குப் போங்கள். நாளிதழுக்கு 2 மாதக் கெடு உண்டு.

இதனால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? தப்லீக் செய்திகளுக்காகவே 2021 ஜூனில் ஒரு கன்னடச் சேனலுக்கு 1 லட்சம் ரூபாயும், இன்னொன்றுக்கு 50 ஆயிரம் ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது. ஓர் ஆங்கிலச் சேனல் கண்டிக்கப்பட்டது. வீதியில் கல் எறிந்தா இது கிடைத்தது? தேதி, நேரம், பதிவு ஆகியவற்றோடு சிலர் உட்கார்ந்து புகார் எழுதியதால் கிடைத்தது. தொகை சிறியதுதான். ஆனால் தவறு தவறு என்று எழுத்தில் பதிவாகிவிட்டது.

வியாபாரப் பெருமக்களே! உங்களுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு ஊர் ஜமாஅத்திலும் ஒரு கோப்பு வேண்டும். வந்த செய்தி, அனுப்பிய மறுப்பு, கிடைத்த தீர்ப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். தீர்ப்பின் சுருக்கத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? ஒரு கல்யாணப் பந்தலின் அலங்கார விளக்குச் செலவில் ஓர் ஊருக்கே கொடுத்துவிடலாம். உங்கள் கல்லாவுக்கு எதிரில் தினமும் நிற்கும் மாற்றுமதச் சகோதரர், சேனலை நம்புவதைவிட உங்களை நம்புவார். அவரிடம் பேசுங்கள். அந்த நோய்க் காலத்தில் குணமடைந்த ஜமாஅத்தினர் பிறரைக் காப்பாற்றப் பிளாஸ்மா தானம் செய்ததையும், சொந்தபந்தமே நெருங்க அஞ்சிய உடல்களை மதம் பாராமல் நம் பிள்ளைகள் அடக்கம் செய்ததையும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நமக்கு எதிராகப் பொய் பரவினால் கொதிக்கிறோம். நமக்குப் பிடித்த பொய் கைபேசியில் வந்தால்? விசாரிக்காமல் பத்துப் பேருக்கு அனுப்பும் கை யாருடையது? ஒரு தீயவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள் என்பது திருக்குர்ஆன் (49:6) கட்டளை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறு, மதீனாவில் ஒரு மாத காலம் நாவிலிருந்து நாவுக்குப் போனது. அதைக் கட்டியவன் நயவஞ்சகன். ஆனால் அதைச் சுமந்தவர்களில் ஈமான் கொண்டவர்களும் இருந்தார்கள். கேட்டவுடனேயே இது தெளிவான அவதூறு என்று ஏன் சொல்லவில்லை என்று இறைவன் அவர்களைத்தான் கேட்டான் (24:12). அந்தக் கேள்வி இன்று சேனல் பார்ப்பவருக்கும் உண்டு, செய்தி அனுப்பும் நமக்கும் உண்டு.

நாளை இன்னொரு நெருக்கடி வரும். இன்னொரு சமுதாயத்தின் மீதோ நம் மீதோ மறுபடியும் பழி விழும். அன்று நம் கையில் கல் இருக்கக் கூடாது. காகிதம் இருக்க வேண்டும்! வாயில் வசை இருக்கக் கூடாது. ஆதாரம் இருக்க வேண்டும்! இந்த வாரமே உங்கள் ஊரில் நான்கு பேர் உட்காருங்கள். அந்தக் கோப்பின் முதல் தாளாக டெல்லித் தீர்ப்பை வையுங்கள்.

உண்மைக்குக் கால் இல்லை. அதை நாம்தான் வீடு வீடாகத் தூக்கிச் செல்ல வேண்டும். செல்வோம், இன்ஷா அல்லாஹ்!