தூரம் குறைந்தது, துயரம் குறைந்ததா?

திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். வான்வழித் தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். விஞ்ஞானத்தின் வெற்றி இது, வரவேற்கிறோம்.

அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உலகையே வலம் வந்ததாகச் சொல்லிக் கனியைப் பெற்றார் பிள்ளையார் என்பது புராணம். பிள்ளையார்பட்டிச் சீமையின் மக்களுக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை! மெய்யாகவே கடல் கடந்தால்தான் அவர்களுக்குக் கனி. கனியும் அல்ல, கஞ்சி!

'ரஜூலா' கப்பலை முதியோர் அறிவர். 1926-இல் ஓடத் தொடங்கி, அரை நூற்றாண்டுக் காலம் சென்னையிலும் நாகையிலும் ஆள் ஏற்றி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கிய கப்பல். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். அறையிலே சென்றவர் சீமான். தளத்திலே பாய் விரித்தவன் தொழிலாளி.

பர்மாவை நினைத்துப் பாருங்கள். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. பணமும் பதவியும் படைத்தோருக்குக் கப்பல் இருந்தது, விமானம் இருந்தது. வயலில் உழைத்தவனுக்கும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும் என்ன இருந்தது? அரக்கான் மலைப்பாதை! 1942-இல் நடந்தே புறப்பட்டவர்களில் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். சென்னைக்கும் ரங்கூனுக்கும் வான்வழியே 1,800 கிலோமீட்டர்கூட இல்லை. சிறகு பெற்றவனுக்கு அது சில மணி நேரம்; சிறகு மறுக்கப்பட்டவனுக்கு அதுவே சாவு!

அது வெள்ளையன் ஆட்சி. இன்று?

1953-இல் நாட்டுடைமையானது விமானத் தொழில். 1994-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது; தனியார் வந்தனர். கட்டணத்தைச் சந்தை தீர்மானிக்கிறது. பொங்கல் வந்தால் ஏறும், தீபாவளி வந்தால் தாவும்! தந்தை இறந்த செய்தி கேட்டுப் புறப்படும் தொழிலாளிக்கு, கடைசி நேரச் சீட்டு கூலியை விழுங்குகிறது. நான்கு மணித் தொலைவில் இருந்தும் கொள்ளி வைக்க வரமுடியாதவனுக்கு, விஞ்ஞானம் தந்த வேகத்தால் என்ன பயன்?

இருக்கையைப் பெருக்கினால் கட்டணம் இறங்காதா என்பீர்கள். எந்த வெளிநாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம் வரையறுக்கிறது. ஒப்பந்தம் போடுவது டில்லி. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 29-ஆம் இனம்: வான்வழி முழுதும் அங்கே! திருச்சியில் 2024 ஜனவரி 2-இல் புதிய முனையம் திறந்தார்கள், மகிழ்ச்சி. வாசல் திருச்சியில், சாவி டில்லியில்!

2016-இல் 'உடான்' திட்டம் அறிவித்தார்கள். சாதாரணக் குடிமகன் பறக்கட்டும் என்று பொருளாம். அந்தக் குடிமகனுக்குப் பொருள் விளங்க இந்தி தெரிந்திருக்க வேண்டும்! காரைக்குடிக்குப் பக்கத்திலே, செட்டிநாட்டிலே, இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுபாதை கிடக்கிறது. போருக்குப் பயன்பட்ட பாதையில் இன்றுவரை பயணிகள் விமானம் இறங்கவில்லை.

"ஏழைக்கு விமானம் எதற்கு?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. சிங்கப்பூரிலே கட்டடம் எழுப்புகிறவனுக்கும் வளைகுடாவிலே வெயிலில் வேகிறவனுக்கும் விமானம் ஆடம்பரமா? அதுதான் அவனுடைய ஊர்ப் பேருந்து!

ஆகவே கேட்கிறோம்: விமான ஒப்பந்தங்களில் மாநிலத்தின் குரலுக்கு இடம் தருக! பண்டிகைக் காலக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்திடுக! செட்டிநாட்டு ஓடுபாதைக்கு விடை கூறுக!

வானம் பொது. வழியும் பொதுவாகட்டும்!