லொறியும் வாசிக்கப்படாத பத்திரமும்

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலைப்பொழுது, கொடிகாமத்தைச் சேர்ந்த லொறி உரிமையாளர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நெடுநாள் அறிமுகம். கையில் ஒரு கடித உறையும் மடித்து மடித்து நைந்துபோன காப்புறுதிப் பத்திரமும் இருந்தன. இரண்டும் ஆங்கிலத்தில். "அண்ணை, நீங்கள் பேப்பரிலை இருந்த ஆள். இதை ஒருக்கா வாசிச்சு, என்னத்தைச் சொல்லுறாங்கள் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

தன் பெயரை எழுதவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். நிறுவனத்தின் பெயரை எழுதவேண்டாம் என்பது நானாக எடுத்த முடிவு. ஏனெனில் இது ஒரு நிறுவனத்தின் கதையன்று.

நடந்தது இதுதான். நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய லொறி, நள்ளிரவுக்குப் பின் புளியங்குளத்தைத் தாண்டியதும் வீதியின் நடுவே படுத்திருந்த மாடுகளைக் கண்டு விலகியது. விலகிய வேகத்தில் மதகில் மோதிப் புரண்டது. சாரதி தப்பினார். உதவியாளராகச் சென்ற இளைஞனின் கை முறிந்தது. குலைகள் வீதியோரத்தில் நசிந்து கிடந்தன. நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் உடனே வந்தார், படம் எடுத்தார், பழுதுபார்க்கும் செலவு 12 லட்சம் ரூபா என்று ஒத்துக்கொண்டார். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் கடிதத்தில் வந்த தொகை 5,50,000 ரூபா மாத்திரம்.

"ஃபுல் இன்சூரன்ஸ் அண்ணை. ஒரு வருசமும் பிந்தாமல் கட்டினனான். பிறகேன் அரைவாசி?" என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்கான விடை பத்திரத்தின் உள்ளேயே இருந்தது. 2019இல் லீசிங்கில் லொறியை வாங்கியபோது அதன் பெறுமதி 40 லட்சம் என்று பதிவாகியிருந்தது. அன்றைக்கு அது நேர்மையான கணக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் மதிப்பு விழுந்தது. பழைய லொறிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. விபத்து நடந்த நாளில் அதே லொறியின் சந்தைப் பெறுமதி 80 லட்சம். பத்திரத்திலோ இன்னமும் 40 லட்சம். ஆண்டுதோறும் முகவர் தொலைபேசியில் அழைப்பார், "போன வருசம் மாதிரித்தானே?" என்பார், இவரும் "ஓம்" என்பார். கட்டுப்பணம் ஏறவில்லையே என்ற மகிழ்ச்சி வேறு.

காப்புறுதி ஒப்பந்தங்களில் விகிதாசார விதி என்று ஒன்று உண்டு. பொருளின் பெறுமதியில் பாதிக்கே காப்புறுதி செய்திருந்தால், சேதம் எவ்வளவாக இருந்தாலும் அதில் பாதியே கிடைக்கும். மீதிப் பாதிக்கு உரிமையாளர் தமக்குத் தாமே காப்புறுதி செய்திருக்கிறார் என்று சட்டம் கருதிக்கொள்ளும். ஆகவே 12 லட்சம் 6 லட்சமாகியது. அதிலிருந்து, எந்த விபத்திலும் உரிமையாளரே ஏற்கவேண்டிய 50,000 ரூபா, அதாவது சாரதிகள் 'எக்சஸ்' என்று சொல்லும் தொகை, கழிந்தது. கணக்கில் பிழையில்லை. பெறுமதியை உயர்த்தாமல் விட்டதால் நான்கு ஆண்டுகளில் அவர் மிச்சம் பிடித்தது, நாங்கள் இருவரும் அமர்ந்து கணக்குப் பார்த்ததில், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபா. இழந்தது 6 லட்சம்.

இழப்பு அதோடு முடியவில்லை. நசிந்த வாழைக்குலைகளுக்கு ஒரு சதமும் இல்லை. லொறிக்கான காப்புறுதி லொறிக்கு மட்டுமே, அது ஏற்றிச் செல்லும் சரக்குக்கு அன்று. சரக்குக்குத் தனியான பாதுகாப்பு வாங்கவேண்டும். கை முறிந்த இளைஞனின் நிலையும் அவ்வாறே. அவன் மூன்றாம் தரப்பு அல்லன், உரிமையாளரின் தொழிலாளி. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அவனுக்கான பொறுப்பு முதலாளியுடையது. அந்தப் பொறுப்பையும் காப்புறுதிக்குள் சேர்த்துக்கொள்ள ஒரு சிறு மேலதிகக் கட்டணம் போதும். ஆனால் கேட்டால்தான் சேர்ப்பார்கள். இவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இந்த மனிதர் ஏமாளி அல்லர். வாழைக்குலையின் விலையைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். ஒரு ரயர் எத்தனை மைல் ஓடும் என்பதை விரல்நுனியில் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர் ஐந்து ஆண்டுகளாகத் தம் கையிலிருந்த ஒப்பந்தத்தை ஒருமுறையேனும் பிரித்துப் பார்க்காதது ஏன்? இதற்கு நம் குடாநாட்டின் வரலாற்றையும் சிறிது பார்க்கவேண்டும்.

1960களின் நடுப்பகுதி முதல் 1980களின் பிற்பகுதி வரை இலங்கையில் காப்புறுதி என்பது அரசின் ஏகபோகம். விலை பேச இடமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடையில்லை. தனியார் நிறுவனங்கள் மீண்டும் வந்த காலத்தில் நாம் போருக்குள் இருந்தோம். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. செய்தித்தாள் அச்சிடத் தாள் இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் நாங்கள் பத்திரிகை அடித்த காலம் அது. 2002 ஏப்ரல் 8ஆம் திகதி ஏ9 வீதி திறக்கப்பட்டபோது லொறித் தொழில் மூச்சுவிட்டது. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை மூண்டதும் பாதை மறுபடியும் மூடப்பட்டு, அரிசியும் மாவும் கப்பலில் வந்தன. போரினால் வரும் சேதத்தை வழமையான காப்புறுதிப் பத்திரம் எதுவும் ஏற்பதில்லை. ஆகவே, எது நடந்தாலும் நம் தலைமேல்தான் என்று ஒரு தலைமுறை பழகிக்கொண்டது.

2009இல் போர் முடிந்தபின் லீசிங் நிறுவனங்கள் யாழ்ப்பாண நகரில் வரிசையாகக் கடை விரித்தன. லீசிங்குக்கு வாகனம் எடுத்தால் முழுக் காப்புறுதி கட்டாயம். ஒரே மேசையில், ஒரே பேனையால், இரண்டு தாள்களிலும் கையொப்பம். லீசிங் இல்லாதவருக்கோ காப்புறுதி என்பது ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் வாகன வரிப்பத்திரம் எடுப்பதற்கு, புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு சேர்த்து நீட்டவேண்டிய இன்னொரு துண்டு. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது, வீதியில் அடிபடுகின்றவனைக் காப்பதற்காக. நாமோ அதைப் பொலிசாரிடமிருந்து நம்மைக் காக்கும் தாளாக மாற்றிக்கொண்டோம். வரி என்று நினைத்துக் கட்டும் பணத்தை எவரும் குறைக்கவே பார்ப்பார்கள். ஒப்பந்தம் என்று நினைத்தால்தான் என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். என் கருத்தில் கோளாறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கட்டுப்பணத்தைக் குறைக்க நம்மவர் கையாளும் வழிகள் சில எனக்குத் தெரியும். வாடகைக்கு ஓடும் லொறியைச் 'சொந்தப் பாவனை' என்று எழுதுவது அவற்றுள் முதன்மையானது. வாடகை ஓட்டத்துக்குக் கட்டணம் கூட என்பதால் இந்தத் தந்திரம். காப்புறுதி என்பது அதியுயர் நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். உண்மையை மறைத்துப் பெற்ற பத்திரத்தை நிறுவனம் முற்றாக மறுத்துவிடலாம். ஒரு விபத்தின் பின் ஏற்றுக் கூலித் துண்டு ஒன்று மதிப்பீட்டாளரின் கையில் அகப்பட்டால் போதும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றும் ரிப்பர்களும், கோயில் திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ ஆட்களைப் பின்பெட்டியில் ஏற்றிச்செல்லும் பட்டா வாகனங்களும் இதே அபாயத்தில்தான் ஓடுகின்றன. வாகனத்தின் வகைக்கு உரிய சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் திறப்பைக் கொடுப்பதும் அப்படியே.

அப்படியானால் பணத்தை மிச்சம் பிடிக்க நேரான வழியே இல்லையா? உண்டு.

முதலாவது, குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஒரே பெறுமதி, ஒரே மேலதிகப் பாதுகாப்புகள், ஒரே எக்சஸ் தொகை என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இல்லையேல் மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒரே தராசில் நிறுத்த கதையாகும். 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் சேர்த்தே கடைசித் தொகையைக் கேளுங்கள். லீசிங் வாகனமானாலும் வேறு நிறுவனத்தின் விலையைக் காட்டிப் பேசுவதற்கு எவரும் தடைபோட முடியாது.

இரண்டாவது, உங்களால் தாங்கக்கூடிய அளவுக்கு எக்சஸ் தொகையை உயர்த்தி ஏற்றுக்கொண்டால் கட்டுப்பணம் குறையும். காப்புறுதி பெரிய அடிக்காக இருக்கட்டும். கீறலுக்கும் உடைந்த சைட் கண்ணாடிக்கும் வீட்டுப் பெட்டகம் போதும்.

மூன்றாவது, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு. இதைக் கணக்குப் பார்த்துக் காப்பாற்றுபவர்கள் குறைவு. உங்கள் கட்டுப்பணம் ஒரு லட்சம், கழிவு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 25,000 ரூபாச் சேதத்துக்குக் கோரிக்கை வைக்கிறீர்கள். எக்சஸ் 15,000 போகக் கையில் வருவது 10,000. மறு ஆண்டு கழிவு முழுவதும் போனால் 30,000 கூடக் கட்டுவீர்கள். லாபம் யாருக்கு? நிறுவனத்தை மாற்றும்போது இந்தக் கழிவுக்கான உறுதிக் கடிதத்தையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்குமுன் லொறியின் சந்தைப் பெறுமதியை விசாரித்து எழுதுங்கள். இது இருபக்கமும் வெட்டும். 2025 தொடக்கத்தில் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. விலை இறங்கும் காலத்தில் பழைய உயர்ந்த பெறுமதிக்குக் கட்டிக்கொண்டிருந்தாலும் நட்டமே. லொறி முற்றாக அழிந்தால் நிறுவனம் கொடுப்பது அன்றைய சந்தை விலையைத்தான், நீங்கள் எழுதிய விலையை அன்று.

இவற்றில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை, எதைக் கழிக்கக்கூடாதோ அதற்குச் செலவிடுங்கள். உதவியாளருக்கான பாதுகாப்பு, அடிக்கடி ஏற்றும் சரக்குக்கான பாதுகாப்பு, கலவரத்துக்கும் வெள்ளத்துக்குமான பாதுகாப்பு. சில பத்திரங்களில் வெள்ளம் தானாகவே அடங்காது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழையைக் கண்டவர்கள் நாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப்போட்டது. வெள்ளம் வராது என்று நினைத்திருப்பதற்கு இனி நமக்கு நியாயமில்லை.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசியில் திட்டுவது முறைப்பாடாகாது. பதில் திருப்தியில்லையேல், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. 2005 முதல் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி ஒருவரும் கொழும்பில் இருக்கிறார். விகிதாசார விதியைப் போன்ற தெளிவான நிபந்தனைகளை அவர்களாலும் மாற்றமுடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி என் மனத்தாங்கல். தமிழ் இந்த நாட்டின் ஆட்சி மொழிகளுள் ஒன்று என்று அரசியலமைப்பில் எழுதி மூன்றரைத் தசாப்தங்களுக்கு மேலாகிறது. யாழ்ப்பாணத்தில், தமிழ் பேசும் முகவர் ஒருவர், தமிழ் பேசும் லொறிக்காரருக்கு, தமிழில் பேசி விற்ற ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. விளம்பரம் தமிழில் வந்தது, ரசீதில் நன்றியும் தமிழில் இருந்தது. உரிமையைப் பறிக்கக்கூடிய நிபந்தனைகளுக்கு மட்டும் தமிழ் கிடைக்கவில்லை. தமிழ்ப் பிரதி தாருங்கள் என்று கேட்பது சலுகை கோருவதன்று. தனியொருவர் கேட்டால் "கொழும்பிலிருந்து வரவேண்டும்" என்பார்கள். நமது பாரவூர்திச் சங்கங்கள் சேர்ந்து கேட்டால்? நூறு லொறிகளின் காப்புறுதியை ஒன்றாகக் கொண்டுவருகிறோம், குழுவிலை தாருங்கள், பத்திரத்தைத் தமிழில் தாருங்கள் என்றால், எந்த நிறுவனம் கதவைச் சாத்தும்? கூட்டுறவாக வைத்தியசாலையே நடத்திக் காட்டிய மண் இது. ஏற்றுமுறைக்கும் கூலிக்கும் கூடும் சங்கங்கள் இதற்கும் ஒருமுறை கூடலாம்.

கொடிகாமத்து நண்பர் நகைகளை அடகுவைத்து லொறியைத் திருத்தி மறுபடியும் ஓடத் தொடங்கினார். இளைஞனின் வைத்தியச் செலவையும் அவரே பார்த்தார். அதில் அவர் குறை வைக்கவில்லை. அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டதாம். "முகவர் பெடியன் போன வருசம் மாதிரித்தானே எண்டு கேட்டவன், அண்ணை" என்றார்.

"நீர் என்ன சொன்னீர்?"

"பத்திரத்தைக் கொண்டு வா தம்பி, இருந்து வாசிப்பம் எண்டனான்."