உரிமம் இல்லாத கொசு

சென்னையில் நாய் வளர்ப்பவர்களுக்கு 2025 நவம்பர் மாதம் நிம்மதியாகப் போகவில்லை. உரிமம் எடு, மைக்ரோசிப் பொருத்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டு, தவறினால் 5,000 ரூபாய் கட்டு என்றது மாநகராட்சி. கெடு தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போனது. திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை என்று மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகளைத் தேடி மக்கள் ஆட்டோவில் நாயோடு அலைந்தார்கள். உரிமக் கட்டணம் என்னவோ 50 ரூபாய்தான். அபராதம் அதைப்போல நூறு மடங்கு.

தடுப்பூசியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வெறிநோய் முற்றிவிட்டால் மனிதர் பிழைப்பது அரிது. அதில் கறாராக இருக்கத்தான் வேண்டும். மைக்ரோசிப்பும் இருந்துவிட்டுப் போகட்டும். என்னை எரிச்சலூட்டுவது 'பொறுப்பான வளர்ப்பாளர்' என்ற அந்தச் சொல். பொறுப்பு முழுவதும் வாரைப் பிடித்திருப்பவருக்கு. வாரில் கட்டிய நாயை இரவெல்லாம் கடிக்கும் கொசுவுக்கு யார் பொறுப்பு என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.

"நாய்க்குக் கொசு கடிக்குமா சார்? அதான் உடம்பெல்லாம் முடி இருக்கே!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். படித்தவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை என் வீட்டு வாசற்படிக்கு மாலை ஆறரை மணிக்கு வரச் சொன்னேன். எங்கள் மணி நாட்டு நாய், வயது ஏழு. தெருவிளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் காதை உதற ஆரம்பிப்பான். பட், பட், பட். காது மடலின் ஓரத்தில் முடி உதிர்ந்து தோல் பளபளக்கும். மூக்குத்தண்டின் மேல், முடி மெலிந்த இடத்தில், கடுகு தூவியதுபோலத் தடிப்புகள். வயிற்றடியில் விரலை வைத்துத் தடவினால் இன்னும் தட்டுப்படும். மேலாளர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் காலைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்துவிட்டார்.

அரிப்போடு போயிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் மணி சோர்ந்து படுத்தபோது கால்நடை மருத்துவர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் விட்டு, மேலே மெல்லிய மூடி போட்டு, நுண்ணோக்கியில் வைத்தார். "நீங்களே பாருங்க சார்." குனிந்தேன். வட்ட வட்டமான ரத்த அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நூல்போல ஒன்று துள்ளி நெளிந்தது. ஒரு சொட்டில் மூன்று. ரத்தத்தை வெளியே அனுப்பிப் பார்த்ததில், தோலுக்கடியில் வாழும் ரகத்தின் குஞ்சுகள் என்று வந்தது. "அதிர்ஷ்டம் சார், இதயத்துல குடியிருக்கிற ரகம் இல்ல" என்றார் மருத்துவர்.

அந்த இதயப்புழு கொடியது. கொசு கடிக்கும்போது தோலில் இறங்கும் நுண்புழு, ஆறேழு மாதத்தில் நுரையீரல் ரத்தக்குழாயையும் இதயத்தின் வலப்பக்கத்தையும் சென்றடைந்து, பெண்புழு ஓர் அடி நீளம் வரை வளர்ந்து, ஐந்து முதல் ஏழு ஆண்டு உட்கார்ந்து தின்னும். வந்தபின் வைத்தியம் என்றால் ஆர்சனிக் கலந்த ஊசி; செத்த புழு நுரையீரலை அடைத்துவிடாமல் இருக்க நாயை ஓடவிடாமல் மாதக்கணக்கில் கட்டிவைக்க வேண்டும். நம் நாட்டின் வடகிழக்கில் இதயப்புழு அதிகம். தெற்கே, குறிப்பாகக் கேரளத்தில், தோலடிப் புழு. அது நாயோடு நிற்பதும் இல்லை. கேரளக் கண் மருத்துவர்கள் மனிதரின் கண்ணிலிருந்தே இந்தப் புழுவை உயிரோடு எடுத்திருக்கிறார்கள். நாயைக் கடித்த கொசு மனிதரையும் கடிக்கிறது, அவ்வளவுதான் கதை.

இனி என் கணக்குக்கு வருகிறேன். வீட்டில் இதைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறார்கள், ஆகவே வாசகர்களிடம் சொல்கிறேன்.

இதயப்புழு வராமல் தடுக்க ஐவர்மெக்டின் மருந்து மாதம் ஒருமுறை கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும். 20 கிலோ லாப்ரடாருக்கு 120 மைக்ரோகிராம். தூள் உப்பில் ஒரு மணி ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் எடை. அதாவது, ஒரு பெரிய நாயின் இதயத்தை ஒரு மாதம் காக்க இரண்டு உப்பு மணி எடையுள்ள மருந்து! கரோனா இரண்டாம் அலையில் மருந்துக்கடைகளில் மக்கள் அட்டை அட்டையாக வாங்கிக் குவித்தார்களே, அதே மருந்துதான். அந்த 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது இப்படிப்பட்ட 100 நாய்களுக்கான ஒரு மாத அளவு. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மாத்திரையை உடைத்துப் பொடியாக்கிக் கொடுக்க வேண்டாம். கோலி இன நாய்களுக்கு அளவு மிஞ்சினால் மூளையைத் தாக்கும். ரத்தத்தில் ஏற்கெனவே குஞ்சுகள் இருக்கும் நாய்க்குப் பரிசோதிக்காமல் கொடுத்தால் அதிர்ச்சி வரலாம்.)

இன்னும் ஒரு படி. 2024 கணக்கெடுப்பில் சென்னைத் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். சராசரி எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 90 மைக்ரோகிராம். மொத்தம் 16.2 கிராம். சென்னையின் அத்தனை தெருநாய்களுக்கும் ஒரு மாதத்துக்குத் தேவையான மருந்து மூன்று டீஸ்பூன் உப்பின் எடைகூட இல்லை! தெருநாயை எங்கே அடைப்பது, எங்கே விடுவது என்று உச்ச நீதிமன்றம்வரை 2025-இல் வழக்காடினோம். மூன்று டீஸ்பூனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கட்டாக்காலி நாயைப் பிடித்து மாதாமாதம் எப்படி மருந்து கொடுப்பது என்று கேட்பார்கள். கருத்தடை செய்யப் பிடிக்கிறீர்களே, அப்படித்தான். தினமும் சோறு வைக்கும் அம்மாக்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்களே, அவர்கள் கையில் கொடுங்கள். ஊருக்கெல்லாம் கொடுத்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடாதா, மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் பழகியிருக்கிறதே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அமெரிக்கர்கள் பல பத்தாண்டுகள் கொடுத்த பிறகு வந்த கவலை அது. இன்னும் ஊருக்கெல்லாம் கொடுக்கத் தொடங்காத நமக்கு இப்போது எதற்கு? இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் வியாபாரம் என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

அமெரிக்காவைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் வளைகுடாக் கரையில் மீட்கப்பட்ட நாய்களைச் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிக்கு இதயப்புழு இருந்தது. சோதித்ததால் தெரிந்தது. 2015 பெருவெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இங்கே எத்தனை நாய்களைப் படகில் ஏற்றினோம்! படம் எடுத்தோம், ரத்தம் எடுத்தோமா?

வெளிநாட்டுத் துண்டுப் பிரசுரங்களை அப்படியே நம்பி, 'கொசுப் பருவத்தில் மட்டும் மாத்திரை' என்பவர்களும் இருக்கிறார்கள். கொசுவின் உடலுக்குள் இந்தப் புழு வளர வெப்பம் வேண்டும். 14 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், 27 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். பனி பெய்யும் ஊர்க்காரனுக்கு அது பருவம். மார்கழி விடியலிலும் சென்னை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. நமக்குப் பன்னிரண்டு மாதமும் பருவம். மாசி, பங்குனியில் மழைநீர் வடிகால் ஓட்டமில்லாமல் கறுத்து நிற்கும்போது கொஞ்சம் கூடுதல்.

அந்தக் கறுப்புத் தண்ணீரில்தான் கியூலெக்ஸ் கொசு முட்டையிடுகிறது. அதற்கு மாநகராட்சியின் பதில் புகை. மாலையில் வண்டி வரும், தெரு வெள்ளையாகும், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள், மணி கட்டிலுக்கடியில் ஒளிவான். புகை தொட்ட கொசு சாகும். வடிகாலுக்குள் நெளியும் கொசுப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது. பத்து நாளுக்குள் அடுத்த தலைமுறை பறந்துவிடும். அந்த வண்டிகளை விற்றுவிட்டு, வந்த பணத்தில் தூர்வாரலாம் என்பது என் நெடுநாள் கட்சி.

வீட்டுக்குள் மட்டும் நாம் தற்காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொழுது சாயுமுன் நாயை உள்ளே அழைத்து, ஒரு மின்விசிறியை அதன் உயரத்துக்குத் திருப்பி வைத்தால் போதும், கொசுவால் அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. நாம் பூசிக்கொள்ளும் கொசு விரட்டியை நாய்க்குத் தடவக் கூடாது, நக்கிவிடும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் சொட்டுமருந்தைப் பூனைக்கு வைத்தால் வலிப்பு வந்து செத்தே போகும். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. இரண்டையும் வளர்ப்பவர்கள் அட்டையை இருமுறை படியுங்கள்.

கொசு கடத்தும் இன்னொரு புழுநோயான யானைக்கால் நோய்க்குச் சுகாதாரத் துறையினர் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுப்பார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். நோய்ப்புழு கொசுவுக்குள் வளரும் என்று பேட்ரிக் மேன்சன் 1877-இல் சீனாவின் அமோயில் முதன்முதலில் கண்டதும் இந்தப் புழுவில்தான். செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தது அதற்கு இருபது ஆண்டு கழித்து. 2027-க்குள் யானைக்காலை ஒழிப்போம் என்கிறோம். மலேசியாவில் யானைக்கால் புழுவின் இன்னொரு வகை பூனைக்குள் தங்கிக்கொள்வது பழைய செய்தி. திருச்சூர்ப் பக்கம் நாயின் ரத்தத்திலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க மனிதனின் விரலை மட்டும் குத்திக்கொண்டிருந்தால் எப்படி ஒழியும்?

உரிம முகாமுக்கு வரிசையில் வந்து நின்ற ஒவ்வொரு நாயும் தன் தெருக் கொசுவின் கணக்கைக் காலில் ஓடும் ரத்தத்தில் வைத்துக்கொண்டு நின்றது. ஊசி கையில் இருந்தும் ஒரு சொட்டு எடுக்கத் தோன்றவில்லை. எடுத்திருந்தால் எந்த வார்டில் வடிகால் நாறுகிறது என்று நாயே சொல்லியிருக்கும், அதிகாரிகளின் ஆய்வுக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.

உரிமம் ஓராண்டுக்குத்தான் செல்லும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது மணியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் சேர்த்து இணைக்கப் போகிறேன். "இது கேட்கலையே சார்" என்று திருப்பித் தந்தால், ஏன் கேட்கவில்லை என்று எழுதித் தரச் சொல்வேன்.