கெட்ட வார்த்தைக்குப் பதிவு உண்டா?

தாம்பரத்திலிருந்து கிண்டி போகிற ஜி.எஸ்.டி. சாலையில்தான் டிரேட்மார்க் அலுவலகம் இருக்கிறது. ஆபாசமான பெயரை அங்கே பதிய முடியாது. 1999-ஆம் வருடச் சட்டம், 9-வது பிரிவு. 2025 மார்ச்சில், இந்திக் கெட்ட வார்த்தை கலந்த ஒரு நொறுக்குத்தீனிப் பெயரை டெல்லிப் பதிவகம் ஏற்றுக்கொண்டது. சில நாட்களிலேயே, தவறு நடந்துவிட்டதென்று பின்வாங்கியது. (அந்த உத்தரவைச் சிரிக்காமல் எப்படி எழுதினார்களோ!)

பதிவு கிடைக்காவிட்டாலும் பெயர்ப்பலகை மாட்டலாம். பதிவைக் காட்டி அடுத்தவரைத் தடுக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால், திட்டு வாங்கியவரே அந்தச் சொல்லைப் பெயராகக் கேட்டால்?

அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி இளைஞர்கள், தங்கள் கண்களைக் கேலி செய்யும் சொல்லையே இசைக்குழுவுக்கு வைத்தார்கள்: 'தி ஸ்லான்ட்ஸ்'. பதிவு மறுக்கப்பட்டது. 2017-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், பேச்சுரிமை என்று ஜெயித்தார்கள். நம் 9-வது பிரிவோ சொல்லைப் பார்க்கிறது, சொல்பவரைப் பார்ப்பதில்லை. அவர்கள் கிண்டிக்கு வந்திருந்தால் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.