பல் மருத்துவம் படிக்கும் பெண்ணுக்குப் பஸ் சீட்டா, ஹாஸ்டல் கட்டிலா?

பி.டி.எஸ். கலந்தாய்வில் இடம் கிடைத்த கையோடு நம் ஊர்ப் பெற்றோர் பலர் சொல்வது இதுதான்: "ஹாஸ்டலுக்கு எதுக்கு தண்டம் அழணும்? ரெண்டு மணி நேரம்தானே, பொண்ணு வீட்டிலிருந்தே போய் வரட்டும்." கவனியுங்கள், பொண்ணு. அதே கல்லூரியில் பையனுக்கு இடம் கிடைத்திருந்தால் மறுநாளே பெட்டியும் பக்கெட்டும் வாங்கியிருப்பார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த உரிமையில் சொல்கிறேன், இந்தக் கணக்கு தப்பு. போக வர ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். வருடத்துக்கு 240 கல்லூரி நாள் என்று வையுங்கள். 960 மணி நேரம். ராப்பகலாக 40 நாள்! நான்கு வருடத்துக்கு 160 நாள். அதன்பின் வரும் ஒரு வருடப் பயிற்சிக் காலத்தை நான் சேர்க்கவே இல்லை.

"பஸ்ஸில் படிக்கலாமே சார்" என்கிறார்கள். எதைப் படிப்பது? இது கைவேலைப் படிப்பு ஐயா. முதல் வருடமே மெழுகுக் கட்டியில் பல் செதுக்க வேண்டும், மேடு பள்ளம் மாறாமல். அப்புறம் பிளாஸ்டர், அக்ரிலிக், பொம்மைத் தலையில் பல்லைக் குடைந்து அடைப்பது. கை படியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகள் சாயங்காலம் சீனியரிடம் காட்டித் திருத்திக்கொள்வார்கள். நம் பெண் அந்நேரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். சித்திரை வெயிலில் பையில் இருக்கும் மெழுகு இளகிப்போவது தனிக் கதை.

மூன்றாம் வருடம் முதல் நாற்காலியில் உயிருள்ள மனிதர் உட்காருவார். பல் செட் கட்ட வரும் பெரியவர் ஒரு தடவையில் வேலை முடிந்து போவதில்லை. அளவு எடுக்க, கடி பார்க்க, மெழுகில் பொருத்திப் பார்க்க என்று நாலைந்து தடவையாவது நடக்க வேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர். பஸ் பஞ்சர் என்று அவரைக் காக்க வைப்பதா? இத்தனை நோயாளிகளுக்கு இத்தனை வேலை முடித்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். காரணம் கேட்டு யாரும் கருணை காட்டமாட்டார்கள்.

"காலம் கெட்டுக் கிடக்கு, வயசுப் பொண்ணு" என்பார்கள். சரி. வார்டனும் கேட்டும் உள்ள விடுதியைவிட, இரவு ஏழரைக்கு விளக்கில்லாத பஸ் நிறுத்தத்தில் தனியாக இறங்குவது எப்படிப் பாதுகாப்பு? யாராவது விளக்குங்கள்.

என் வயதுக்காரர்களின் பாட்டு வேறு: "நாங்கள்லாம் அஞ்சு மைல் நடந்தே படிச்சோம்." படித்தவர்கள் நாம் பேசுகிறோம். ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் நின்றார்களே நம் அக்கா தங்கைகள், பள்ளி தூரம் என்ற ஒரே காரணத்துக்காக, அவர்கள் யாரும் முகநூலில் எழுதுவதில்லை.

பணம் உண்மையான கஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமலே பஸ் பாஸுக்கு அலையும் வீடுகள் உண்டு. மற்றவர்கள், கல்லூரிப் பக்கத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் என்ன ஆகும் என்றாவது விசாரியுங்கள்.

முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றால் நானும் வீட்டையே சொல்வேன். ஹாஸ்டல் சாம்பாருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

அதற்கு மேல் என்றால், முடிவெடுக்கும் முன் அப்பாமார்கள் ஒன்று செய்யுங்கள். திங்கள் முதல் சனி வரை, மகள் ஏறவேண்டிய அதே விடியற்காலை பஸ்ஸில் போய், மாலை அதே பஸ்ஸில் திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.